மல்லிகா திறந்து வைத்த கதவு

செய்தி வந்தபோது, கலசப்பாக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு கல்யாண வீட்டாரிடம் நான் பட்டுப்புடவை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். இதன் ஜரிகை வெளிச்சத்தில் உங்கள் ஊருக்கு ஒரு மாதம் கரண்டே வேண்டாம் என்று சத்தியம் செய்துகொண்டிருந்த நேரம். போனில் மல்லிகாவின் மகள் தேன்மொழி. "மாமா, அம்மா பூட்டாங்க மாமா" என்றாள். நம் ஊரில் பக்கத்துக் கடைக்குப் போனாலும் 'பூட்டாங்க'தான். "எங்கம்மா, வேலூருக்கா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாமலா?" என்று கேட்டுவிட்டேன். அந்தப் பெண் அழுத அழுகையில்தான் புரிந்தது. விடியற்காலையில் நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. விரித்த புடவை என் கையில் அப்படியே இருந்தது. மடித்து மடித்தே பிழைத்தவனுக்கு அன்று மடிக்கத் தெரியவில்லை.

கடைத்தெருக்காரர்களுக்கு மல்லிகாவை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: புடவைக்குப் பொருத்தமான ரவிக்கைத் துணி விற்கும் கடை வைத்திருந்தவள். நம் வியாபாரிகள் சங்கத்தின் செயலாளர். தலைவராகிய அடியேனைச் சபை நடுவே வாயை மூடச் சொல்லும் அதிகாரம் பெற்றிருந்த ஒரே பிரஜை. மேடையில் 'அவர்கள்' என்று சொல்லியிருக்கிறேன். இந்த அஞ்சலியில் அப்படி எழுதினால் அவள் சிரிப்பாள்.

ஊருக்கு வெளியே பெரிய பெரிய கடைகள் வந்து, மதியத்துக்கு மேல் நம் தெருவில் ஈ காக்கை இல்லாமல் போனது நினைவிருக்கும். சங்கத்தைக் கூட்டினோம். தெரு முனையில் ஓர் அலங்கார வளைவு கட்டுவோம், அதன் விளக்கு நிலாவிலிருந்து பார்த்தால் தெரிய வேண்டும் என்று நான் முழங்கினேன். கை தட்டினார்கள். மல்லிகா எழுந்தாள்.

"வளைவு இருக்கட்டும்ணா. கடைக்கு வர்ற பொம்பளைங்களுக்குக் கலர் வாங்கிக் குடுக்கறீங்களே, எவளாச்சும் குடிச்சிப் பாத்திருக்கீங்களா?"

யோசித்தோம். இல்லைதான். "கூச்சமா இருக்கும்மா" என்றார் இனிப்புக் கடைக்காரர்.

"இன்னா கூச்சம்? குடிச்சா எங்க போறதாம்? சேத்துப்பட்டுல பஸ் ஏறும்போதே தொண்டைய நனைக்காம வர்றாளுங்க. அடக்கிகினு எவ்ளோ நேரம் புடவ பாப்பா? ஜல்திஜல்தினு ரெண்டு எடுத்துகினு ஓடறா. அந்தப் பெரிய கடைல எல்லாம் கக்கூஸ் கீதுண்ணா. அதான் அங்க போறா."

தறியிலிருந்து கடைவரை பட்டைப் பற்றிச் சகலமும் தெரிந்த அத்தனை ஆண்களும் அன்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கட்டலாம் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். எங்கே என்றதும், அடுத்தவன் கடைக்குப் பக்கத்தில் என்றார்கள். ஒருவருக்கு வாஸ்து, ஒருவருக்கு வாசனை, ஒருவருக்கு அவர் கடையில் குடியிருந்த மகாலட்சுமி. கூட்டம் அடிதடியில் முடியப் பார்த்தது. "யாரும் பேஜார் ஆவாதீங்க. என் கடையில பின்பாதிய இடிச்சிக் கட்டுங்க" என்று சொல்லிவிட்டு மல்லிகா கிளம்பிவிட்டாள். அவள் கடையே ஒரு தீப்பெட்டி. அதில் பாதி போனபின் துணிக்கட்டுகளுக்கு நடுவே அவளைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

திறப்பு விழாவுக்கு நான் சும்மா இருப்பேனா? நாதஸ்வரம், பன்னீர், கதவுக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பன். "கக்கூஸுக்கு ரிப்பனா? அவசரத்துல வர்றவ கத்திரிக்கோல் வர்ற வரைக்கும் நிப்பாளாண்ணா?" என்றாள். அவள் சொன்னபடியே ஆனது. களம்பூர்ப் பக்கத்திலிருந்து வந்த நிறைமாதக்காரி ஒருத்தி, என் வரவேற்புரையின் நடுவே, ரிப்பனை வயிற்றாலேயே அறுத்துக்கொண்டு உள்ளே போனாள். நாதஸ்வரக்காரர் பாதியில் நிறுத்தினார். மல்லிகா சிரித்துச் சிரித்து என் தோள்துண்டிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதன்பிறகு பெண்கள் கலர் குடித்தார்கள். குடித்த குடியில் இந்தியா முழுக்க கோலிசோடாவுக்குப் பஞ்சம் வந்தது என்று நான் ஊரெல்லாம் சொல்லிவந்தேன். உட்கார்ந்து, நிதானமாகப் புடவை பார்த்தார்கள். மூடிக் கிடந்த கடைகள் சில மறுபடி திறந்தன. தயங்கி நிற்கிறவளை மல்லிகா தன் கடையிலிருந்தே கண்டுபிடித்துவிடுவாள். "வாம்மா, இந்தப் பக்கம் கீது. போய்ட்டு வந்து மெதுவா பாரு" என்பாள். துப்புரவுக்கு வருகிற அம்மா வராத நாட்களில் அவளே துடைப்பத்தை எடுப்பாள். செயலாளர் செய்யலாமா என்று ஒருநாள் கேட்டேன். "நம்ம தெருவுக்கு வந்தவங்கண்ணா. வூட்டுக்கு வந்தவங்கனா பாத்துகினு இருப்பமா?" என்றாள்.

அவள் இறந்த அன்று சங்க வழக்கப்படி தெரு முழுக்க ஷட்டரை இறக்கினோம். மல்லிகா கடையின் பின்பக்கக் கதவையும் பூட்ட ஆள் போனபோது தேன்மொழி குறுக்கே வந்து நின்றாள். உடல் வீட்டுக்கு இன்னும் வரவில்லை. அந்த நேரத்தில் அவள் அங்கே இருந்தாள்.

"அதுக்கு மட்டும் பூட்டுப் போடாதீங்க மாமா. சேதி தெரியாம பஸ் ஏறி வந்துகினு இருப்பாங்க. கடையும் இல்லாம இதுவும் இல்லன்னா எங்க போவாங்க?"

வந்தார்கள். கல்யாணப் புடவை எடுக்க வந்த சேத்துப்பட்டுப் பெண்கள், மூடிய கடைகளைப் பார்த்துக்கொண்டே அந்தக் கதவைத் தேடிப் போனார்கள். நல்ல காரியத்துக்கு வந்தவர்கள் செத்தவள் கடைப் பக்கம் திரும்பக்கூடாது என்று கூட வந்த கிழவர் அதட்டினார். "நம்மள வாம்மான்னு கூப்புடுமே, அதுவா?" என்று கேட்ட ஒருத்தி மட்டும் அங்கேயே நின்று அழுதாள். மல்லிகாவின் பெயர்கூட அவளுக்குத் தெரியவில்லை.

காரியம் முடிந்ததும் கேள்வி வந்தது. லீவில் வந்திருந்த தேன்மொழிக்கு ஓசூரில் வேலை. கடை வாடகைக்குப் போகப்போகிறது. கதவை யார் பார்த்துக்கொள்வது? சங்கத்தில் ஆளுக்கு ஒரு சிரமம் சொன்னார்கள். மூடிவிடலாம் என்று ஒரு குரல் மெல்ல எழுந்தது. நான் பேச எழுந்தேன். நிலாவும் வளைவும் வாயில் வரவில்லை. "வாணாம். நான் பாத்துக்கறேன்" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டேன். என் ஆயுளிலேயே சிறிய சொற்பொழிவு அதுதான். பகலில் என் மனைவி சரோஜா அங்கே உட்காருகிறாள். வாம்மா என்று கூப்பிடப் பழகிக்கொண்டிருக்கிறாள்.

காலையில் கடைகள் திறக்கும் முன் தண்ணீர் பார்ப்பது என் வேலை. பெண்கள் போகிற இடம். ஆண்பிள்ளை சட்டென்று நுழையக்கூடாது. அதனால் கதவைத் தட்டி, "உள்ள யாருனா கீறீங்களா?" என்று கேட்கிறேன். அந்த நேரத்தில் யாரும் இருக்கமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். பதில் வராதபின் உள்ளே போகலாம். ஆனாலும் நிற்கிறேன். மல்லிகா எனக்கு விட்டுப்போனது இதுதான்: மூடிய கதவுக்கு வெளியே, தேவைக்கு மேல் கொஞ்ச நேரம், பதிலுக்குக் காத்து நிற்பது.