அக்கா வாசிக்காத சகானா

நான் வித்வான் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் வந்து "உங்க ஆத்துலயே சங்கீதம் இருக்கே" என்று ஆரம்பிக்கக் கூடாது. எங்கள் குடும்பத்தில் சங்கீதம் அக்காவிடம் இருந்தது. என்னிடம் கம்ப்யூட்டர் இருந்தது. மயிலாப்பூரில் மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், மூன்றாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு, வெளிநாட்டு நாட்டியப் பள்ளிகளுக்கு இசை தயாரித்துக் கொடுக்கிறேன். அங்கே பெண்களுக்கு அரங்கேற்றம் நடக்க வேண்டும், வருஷத்துக்கு ஒரு நாட்டிய நாடகம் போட வேண்டும். அதற்கான பாட்டும் வாத்தியமும் இங்கிருந்துதான் போகின்றன, அப்பளமும் வடாமும் போகிற மாதிரி.

இந்தத் தொழிலுக்கு இரண்டு மென்பொருள்கள் வேண்டும். ஒன்றில் ஸ்வரங்களை எழுதுவது. இன்னொன்றில் பதிவு செய்து, வெட்டி, ஒட்டி, மெருகேற்றுவது. எழுதுகிற மென்பொருள் நாம் எழுதியதை வாசித்தும் காட்டும். பல வருஷங்கள் அந்த வாசிப்பு, திருவிழாவில் விற்கிற பொம்மைப் பியானோவின் தரத்தில்தான் இருந்தது. அதனால் யாருக்கும் ஆபத்தில்லை. கேட்டவர்கள் சிரித்துவிட்டு, "சரி, வாத்தியக்காரர்களைக் கூப்பிடு" என்றார்கள். பிறகு நிஜ வயலினையும் நிஜ செல்லோவையும் ஸ்வரம் ஸ்வரமாகப் பதிவு செய்து வைத்த ஒலித் தொகுப்புகள் வந்தன. ஒன்றை வாங்கி, இரண்டு மென்பொருள்களையும் இணைத்தேன். இதில் எழுதினால் அதில் ஐம்பது பேர் உட்கார்ந்து வாசித்தார்கள்.

மேல்நாட்டு இசைக்கு அது போதும். நம் ராகத்துக்குப் போதாது. கமகம் இல்லாமல் ஒவ்வொரு ஸ்வரமும் இஸ்திரி போட்டது போல விறைத்துக்கொண்டு நின்றது. அசைவு வேண்டுமென்றால் மவுஸைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வளைவாக வரைய வேண்டும். முப்பது விநாடிக்கு ஒரு நாள் ஆகும். யாருக்கு அந்தப் பொறுமை இருக்கும்? எனக்கு இருந்தது.

அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். அடையாறில் இருக்கிறாள். முப்பது வருஷம் மேடையில் வயலின் வாசித்தவள். பெரும்பாலும் பக்கவாத்தியமாக, எப்போதாவது தனியாக. பெரிய பெயர் என்று சொல்ல முடியாது. ஆனால் அவளுடைய சகானா ராகத்தைக் கேட்பதற்கென்றே வந்து உட்கார்கிற ஒரு சின்னக் கூட்டம் உண்டு. மூன்று வருஷங்களுக்கு முன்னால் இடது கை நடுவிரல் மடக்கினால் நிமிர மாட்டேன் என்றது. சர்க்கரை இருப்பவர்களுக்கு வரும் என்றார் டாக்டர். சின்ன ஆபரேஷன்தான். விரல் நிமிர்ந்தது, பழைய வேகம் திரும்பவில்லை. அதற்குப் பிறகு அவள் ஒரு கச்சேரிக்கும் ஒப்புக்கொள்ளவில்லை. யார் கேட்டாலும் "பார்க்கலாம்" என்பாள்.

ஒருநாள் காலையில் சொல்லாமல் அவள் வீட்டுக்குப் போனேன். கதவுக்கு வெளியே வயலின் கேட்டது. ஒரே சங்கதி, நின்று நின்று, திரும்பத் திரும்ப. மணியை அடிக்காமல் திரும்பி வந்துவிட்டேன். அவளுக்கு மறுபடி வாசிக்க வேண்டும் என்ற ஆசை இருக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அது தெரிந்தும் செய்தேன் என்பதுதான் என்னால் ஜீரணிக்க முடியாதது.

ஒரு நாட்டிய ஆசிரியை, வெளிநாட்டில் பள்ளி நடத்துபவர், அரை மணி நேர நிகழ்ச்சிக்கு இசை கேட்டார். நடுவில் நாலு நிமிஷம் வயலின் மட்டும். சகானாவிலேயே போடுகிறேன் என்றேன். அன்றைக்கே அக்காவிடம் போனில் சொன்னேன்.

"எனக்குக் குடுடா," என்றாள். "முன்ன மாதிரி இருக்காது. ஆனா வாசிச்சுடுவேன். ஸ்டூடியோன்னா திருப்பி எடுத்துக்கலாம், இல்லியா? மேடை மாதிரி பயம் இல்லை. இது சரியா வந்துதுன்னா அப்புறம் கச்சேரிக்கும் ஒத்துக்கலாம்னு இருக்கேன்."

"உனக்காகத்தான் சகானா போடறேன்," என்றேன். சத்தியமாக அப்போது அப்படித்தான் நினைத்தேன்.

ஆனால் ஒலிப்பதிவுக்கு இரண்டு மாதம் இருந்தது. அதற்குள் பெண்கள் ஆடிப் பழக வேண்டும், மாதிரி ஒன்று அனுப்புங்கள் என்றார் ஆசிரியை. எப்படியோ ஒன்று எழுதி அனுப்பியிருக்கலாம். எனக்குத்தான் பொறுமை இருந்ததே. அக்காவின் பழைய கச்சேரி ஒன்று என் கம்ப்யூட்டரில் கிடந்தது, பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் வாசித்தது. அதிலிருந்த சகானா ஆலாபனையை மென்பொருளில் போட்டால் சுருதி ஒரு கோடாகத் திரையில் ஓடும். அந்தக் கோட்டை அப்படியே பார்த்து, நான் எழுதிய ஸ்வரங்களின் மேல் வரைந்தேன். காந்தாரத்தை அவள் எப்படி அசைப்பாள், ரிஷபத்துக்கு எப்படி இறங்குவாள், எல்லாம் அதில் இருந்தது. வில் திரும்புகிற இடத்தில் வருகிற சின்ன உரசலைக்கூட விடவில்லை. மூன்று வாரம் சாப்பாடு, குளியல் எல்லாம் ஒப்புக்குத்தான்.

முடித்துவிட்டுப் பெரிதாகப் போட்டேன். சமையலறையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். "ஏன்னா, அக்கா வந்திருக்காளா? சொல்லவேயில்லையே. காபிக்குப் பால் வாங்கணுமே."

இதைவிடப் பெரிய விருது எனக்கு இந்த ஜன்மத்தில் கிடைக்கப் போவதில்லை என்று நினைத்தேன். வெட்கமில்லாமல் அன்றைக்கு நாலு பேருக்குப் போன் செய்து அதைச் சொன்னேன். ஆசிரியைக்கு அனுப்பினேன். "சார், கேட்டு அழுதுட்டேன்" என்று பதில் வந்தது. மறுநாளே பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார்.

ஒலிப்பதிவு ஈக்காட்டுத்தாங்கலில். லேத் பட்டறைகளுக்கு நடுவே ஒரு சின்ன ஸ்டூடியோ. பக்கத்தில் இரும்பு அறுக்க ஆரம்பித்தால் நாம் நிறுத்த வேண்டும். அக்காவை அடையாறிலிருந்து ஆட்டோவில் அழைத்துப் போனேன். வழி முழுவதும் வலது கையால் இடது கை விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டுக்கொண்டே வந்தாள். பட்டுப்புடவை கட்டியிருந்தாள். ஸ்டூடியோவுக்கு எதற்குப் பட்டுப்புடவை என்று கேலி செய்தேன். "மூணு வருஷம் ஆச்சுடா," என்று சிரித்தாள்.

அவள் சுருதி சேர்த்து முடித்ததும் ஹெட்போனை மாட்டிவிட்டு, மாதிரியைப் போட்டேன். அது காதில் ஓடிக்கொண்டிருக்கட்டும், அதோடு சேர்ந்து வாசிக்கட்டும் என்பது என் எண்ணம். ஆட்டம் அந்த அளவுக்குத்தானே அமைந்திருக்கிறது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். நான் வைத்தது அக்காவுக்கு.

ஒரு நிமிஷம் கேட்டாள். ஹெட்போனைக் கழற்றினாள்.

"இது யாரு வாசிச்சது?"

"யாரும் வாசிக்கலைக்கா. கம்ப்யூட்டர்."

"பொய் சொல்லாதே. இது நான். எப்போ வாசிச்சேன் இதை?"

பெருமை பொங்க விளக்கினேன். கோடு, வளைவு, மூன்று வாரம், எல்லாவற்றையும். அவள் முகத்தை நான் பார்க்கவேயில்லை, திரையைக் காட்டிக்கொண்டிருந்தேன். அவள் ஹெட்போனை மறுபடி மாட்டிக்கொண்டு வயலினை எடுத்தாள்.

முதல் தடவை பாதியில் நின்றது. இரண்டாவது தடவை கடைசிவரை வந்தது, ஒரு இடத்தில் விரல் பின்தங்கியது. மூன்றாவதும் அதே இடம். நாலாவது தடவை அவள் அந்த இடத்தையே மாற்றிவிட்டாள். நடுவிரலை நம்பாமல் ஆள்காட்டி விரலாலேயே இழுத்து, நிதானமாக ரிஷபத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் எழுதியது அது இல்லை. அவளும் முன்னால் அப்படி வாசித்ததில்லை. அறுபது வயதில், ஒரு விரல் ஒத்துழைக்காத போது, அவள் கண்டுபிடித்த வழி அது. இதை இன்றைக்கு எழுதத் தெரிகிறது. அன்றைக்கு மைக்கில் குனிந்து நான் சொன்னது இதுதான்:

"அக்கா, அங்க ரெண்டு எண்ணிக்கை தள்ளிப் போயிடறது. டிராக்கோட சேரலை. இன்னொரு தரம் பார்ப்போமா?"

ஒலிப்பதிவு செய்தவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். இருபது வருஷமாக இந்த வேலையில் இருப்பவர், சங்கீதம் படித்தவரில்லை. "சார், அம்மா வாசிச்சது ஷோக்கா கீது சார். இன்னாத்துக்கு திருப்பித் திருப்பி கேட்டுக்கினு கீறீங்க? இதையே வெச்சுக்கலாம் சார்."

"உங்களுக்கு இது புரியாது," என்றேன்.

அவருக்குத்தான் புரிந்திருந்தது. இன்னும் ஐந்து தடவை வாசிக்க வைத்தேன். ஒவ்வொரு தடவையும் மோசமாகிக்கொண்டே போயிற்று. ஒன்பதாவது தடவை முடிந்ததும் வில்லைத் தளர்த்தினாள்.

"காதுல வாசிக்கறாளே, அவளோட என்னால சேர்ந்து வாசிக்க முடியலைடா. நீ வெச்சிருக்கறதையே போட்டுடு," என்றாள். குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குப் புத்தி வந்திருக்குமோ என்னவோ.

வீட்டுக்கு வந்து நாலாவது தடவை வாசித்ததைக் கேட்டேன். ஆசிரியைக்கு ஒரு போன் செய்து, இரண்டு எண்ணிக்கை தள்ளிப்போகிறது, அந்த இடத்தில் ஆட்டத்தைக் கொஞ்சம் நிறுத்திக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தால் போதும். அவர் மறுக்கிறவர் இல்லை. நான் அந்தப் போனைச் செய்யவில்லை. நேரமில்லை, வேலை நெருக்கடி என்று மனைவியிடம் சொன்னேன். உண்மை என்னவென்றால், நான் வரைந்ததுதான் எனக்குப் பிடித்திருந்தது. கூடப் பிறந்தவள் விரலால் வாசித்ததைவிட நான் மவுஸால் வாசித்தது உசத்தி என்று தோன்றியது. மாதிரியையே இறுதியாக்கி அனுப்பினேன். கலைஞர்கள் பட்டியலில் வயலின் என்ற இடத்தில் அக்காவின் பெயரைப் போட்டேன். அதைப் பெருந்தன்மை என்று வேறு நினைத்துக்கொண்டேன்.

அந்த வருஷ மார்கழி சீசனில் ஆசிரியை தன் மாணவிகளை அழைத்துவந்து மயிலாப்பூரிலேயே ஒரு சபாவில் நிகழ்ச்சி நடத்தினார். அக்காவும் வந்தாள். நாலாவது வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். சகானா வந்தபோது தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. அந்த நாலு நிமிஷமும் நான் மேடையைத் தவிர வேறு எங்கும் பார்க்கவில்லை.

முடிந்து வெளியே வரும்போது ஒரு மாமா ஓடிவந்தார். அக்காவின் சின்னக் கூட்டத்தில் ஒருவர். அவள் எங்கே வாசித்தாலும் முன்வரிசையில் உட்காருவார்.

"அடடா, கை அப்படியே இருக்கேம்மா! விரல்ல ஆபரேஷன், இனிமே வாசிக்க மாட்டாள்னு எவனோ சொன்னான். வாயில மண்ணு விழ! அதே சகானா, ஒரு அணு பிசகலை."

அக்கா கையைக் கூப்பினாள். "ஏதோ வாசிக்க முடியறது மாமா. உங்க ஆசீர்வாதம்," என்றாள். எனக்காகப் பொய் சொன்னாள். நான் பக்கத்தில் கல்லுப்பிள்ளையார் மாதிரி நின்றேன்.

மாமா விடவில்லை. "மாசியில நம்மாத்துல ஒரு கச்சேரி வெச்சிருக்கேன். இருபது பேர்தான், எல்லாம் நம்ம மனுஷா. நீதான் வாசிக்கணும். இந்தச் சகானாவையே வாசி, போதும்."

அந்த மாமாவின் கூடத்தில், அந்த இருபது பேருக்கு முன்னால், விரல் தடுமாறினாலும் யாரும் ஒன்றும் நினைத்திருக்க மாட்டார்கள். ஆபரேஷனுக்கு அப்புறமும் வாசிக்கிறாளே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள். அவள் திரும்பி வருவதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் இப்போது அவர்கள் எல்லோரும் பழைய கையைக் கேட்டாகிவிட்டது. அந்தக் கூடத்தில் அவள் வில்லை வைத்தால், கெட்டுப்போன கையைத்தான் கேட்பார்கள்.

"இப்ப கச்சேரியெல்லாம் ஒத்துக்கறதில்லை மாமா," என்றாள் அக்கா.

அவர் முகம் வாடிவிட்டது. தலைக்கனம் வந்துவிட்டது என்று நினைத்திருப்பார். ஆட்டோவில் ஏறியதும், "அக்கா, மன்னிச்சுக்கோ," என்றேன். அவள் சாலையைப் பார்த்துக்கொண்டே, "எதுக்கு? நன்னாத்தான் இருந்தது," என்றாள்.

அதற்கப்புறம் அவள் வயலினைத் தொடவில்லை. பெட்டி பீரோவுக்கு மேலே போய்விட்டது. இரண்டு மாதம் கழித்து வேறொரு நாட்டியத்துக்கு வயலின் தேவைப்பட்டது. பிராயச்சித்தம் செய்கிற நினைப்பில் அக்காவைக் கூப்பிட்டேன். எப்படி வாசித்தாலும் அப்படியே வைத்துக்கொள்கிறேன், ஆட்டத்தை மாற்றச் சொல்கிறேன், காதில் எதையும் போட மாட்டேன் என்றெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னை எதுக்குடா கூப்பிடறே? உன் கம்ப்யூட்டர்லதான் அவ இருக்காளே. நன்னா வேற வாசிக்கறா. அவளையே கூப்பிட்டுக்கோ."

கூப்பிடுகிறேன். அவள் ஒரு தடவைகூட மாட்டேன் என்று சொன்னதில்லை.