வெடிச்ச வீட்டுக்குள்ளையிருந்து வந்தவன்

இண்டைக்கு இஞ்சை நோர்வேயிலை, லில்லெஸ்ட்ரோமிலை பழைய சாமான் கடையொண்டிலை ஒரு டிவிடி வாங்கினனான். அந்தக்காலத்துக் கறுப்பு வெள்ளைப் பகிடிப் படங்கள், எல்லாம் சின்னச் சின்னன்.

"இதுக்குச் சிரிக்காத ஆள் இல்லை" எண்டா கடைக்காரி.

வன்னியிலை ஆமியின்ரை செல்லடிக்குள்ளை அகப்பட்ட தம்பியைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அண்டையிலையிருந்து அம்மா ஒருத்தரோடையும் கதைக்கிறேல்லை. ஒருக்காச் சிரிக்கட்டுமெண்டு போட்டுவிட்டன்.

படத்திலை பலகையாலை அடிபட்டினம், வழுக்கி விழுந்தினம். அம்மா அசையேல்லை.

கடைசியிலை ஒரு வீடு வெடிச்சுச் சிதறுது. புகைக்குள்ளாலை ஒருத்தன் கரி முகத்தோடை, தொப்பியைத் தட்டிக்கொண்டு நடந்து வாறான்.

"அதைத் திரும்பப் போடு" எண்டா அம்மா.

போட்டன்.

"இன்னொருக்கா."

இப்பவும் அதுதான் ஓடுது. அம்மா இன்னும் சிரிக்கேல்லை.

ஆரிட்டையும் வீடு வெடிக்கிற பகிடிப்படம் இருந்தால் சொல்லுங்கோ. ஆள் நடந்து வெளியிலை வரவேணும்.