ஊசிக்காரம்மா சட்டை

என் அம்மா தைத்து விற்ற குழந்தைச் சட்டைகளுக்குப் பல்லடத்துக் கடைவீதியில் ‘ஊசிக்காரம்மா சட்டை’ என்று பெயர். அம்மா ஆசைப்பட்டு என் பெயரில் லேபிள் அடித்து வைத்திருந்தாள். அதை ஒருவரும் படித்ததாகத் தெரியவில்லை. அந்தப் பெயர் வரக் காரணமான சனிக்கிழமையில் நான் ஆறாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். அன்று பாதி நாள் அம்மாவால் எனக்கு மானம் போனது என்றுதான் நினைத்திருந்தேன்.

திருப்பூரில், பல்லடம் சாலையை ஒட்டிய எங்கள் வீட்டின் முன்னறையில் நான்கு தையல் மெஷின்கள் ஓடின. பச்சைக் குழந்தைகளுக்கு நாடா வைத்துக் கட்டுகிற பனியன் துணிச் சட்டைகள்தான் எங்கள் தொழில். அம்மா அதற்கு முன் ஒரு பெரிய கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவள். மெஷினில் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்துச் சேர்த்துப் பார்க்க வேண்டும், முழு ஊசியும் கிடைத்த பிறகுதான் அடுத்த தையல் என்பது அங்கிருந்து அவள் கொண்டுவந்த சட்டம். நான்கு மெஷினுக்கு இத்தனை கெடுபிடியா என்று மாமா சிரிப்பார். அம்மாவின் தம்பியான அவர்தான் எங்களுக்குச் சரக்கு கொண்டுபோவது, துணி வாங்கி வருவது, குறை சொல்வது எல்லாம்.

பல்லடத்தில் ஒரு குழந்தைத் துணிக்கடை எங்களிடம் முதன்முதலாக மூன்று டஜன் சட்டை கேட்டிருந்தது. அதுவரை வாரச் சந்தையில் விரித்து விற்றுக்கொண்டிருந்தவர்களுக்குக் கண்ணாடி ஷோகேஸ் வைத்த கடை. அந்தச் சனிக்கிழமை காலையில் மாமா மூட்டையை மொபெட்டில் கட்டிக்கொண்டு போய் இறக்கிவிட்டு வந்தார். அம்மா மதியத்துக்குப் பாயசம் வைத்தாள்.

பாயசத்தை வாங்கி வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள், எங்களிடம் தைத்த அக்கா. திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. திடீரென்று அழத் தொடங்கினாள்.

“நேத்து சாயங்காலம் நீங்க கடைக்குப் போயிருந்தப்ப ஊசி ஒடிஞ்சுட்டுக்கா. ரெண்டு துண்டு கெடச்சுது. முனை மட்டும் கெடைக்கல. தேடித் தேடிப் பார்த்தேன். பயந்துபோயி வேற ஊசிய மாட்டித் தச்சுட்டேன்.”

“எந்தச் சட்டை தைக்கறப்போ?”

“பல்லடத்துக்குப் போனது.”

அம்மா சோற்றுக் கையோடு எழுந்தாள். மெஷினுக்கு அடியில், குப்பைக் கூடையில், வெட்டிப்போட்ட துணித்துண்டுகளில் எல்லாரும் தேடினோம். பழைய ஸ்பீக்கரைப் பிரித்து எடுத்த வட்டக் காந்தம் ஒன்று என்னிடம் இருந்தது. மண்ணில் தேய்த்து இரும்புத்தூள் சேர்ப்பது அப்போது என் பொழுதுபோக்கு. அதை எடுத்து வந்து தரை முழுக்கத் தடவினேன். ஒரு பழைய குண்டூசி ஒட்டியது. ஊசிமுனை இல்லை.

அம்மா புடவை மாற்ற உள்ளே போனபோதே மாமாவுக்குப் புரிந்துவிட்டது.

“அக்கா, அது எங்காச்சும் கூட்டுன குப்பைல போயிருக்கும். இதப் போய்ச் சொன்னீன்னா மொத ஆர்டரோட சரி, அந்தக் கடைப் பக்கமே தலைவெச்சுப் படுக்க முடியாது. யாருக்குத் தெரியப் போகுது?”

“நமக்குத் தெரியுமல்லடா,” என்றாள் அம்மா. என்னைப் பார்த்து, “கண்ணு, அந்தக் காந்தத்த எடுத்துட்டு வா” என்றாள்.

மாமா கோபத்தில் மொபெட் சாவியைத் தரவில்லை. பஸ்ஸில் போனோம். பாட்டு அலறிய அந்தத் தனியார் பஸ்ஸில் அம்மாவின் உதடு மட்டும் அசைந்துகொண்டே வந்தது. முருகனைக் கூப்பிடுகிறாள் என்று தெரிந்தது.

கடையில் நல்ல கூட்டம். எங்கள் சட்டை ஒன்றை ஒரு பெண் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போய், “அண்ணா, அந்தச் சட்டைய யாருக்கும் குடுக்காதீங்க. ஒண்ணுல உடைஞ்ச ஊசிமுனை இருந்தாலும் இருக்குமுங்க” என்றாள்.

அந்தப் பெண் சூடு பட்டதுபோல் சட்டையைக் கீழே போட்டார். கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எனக்கு ஓடிவிடலாம் போலிருந்தது.

கடைக்காரரின் முகம் கறுத்தது. “ஏனுங்கம்மிணி, கூட்டத்துல நின்னு சொல்ற சேதிங்களா இது? தனியாக் கூப்பிட்டுச் சொல்லக் கூடாதுங்களா?”

“கையில எடுத்துட்டாங்களேண்ணா,” என்றாள் அம்மா.

கடையின் ஓரத்தில் ஒரு மேஜையை ஒதுக்கித் தந்தார். ஒவ்வொரு சட்டையாக அம்மா விரிக்க, தையல் விளிம்புகளில் நான் காந்தத்தை ஓட்டினேன். முப்பத்திரண்டு சட்டை. ஒன்றிலும் இல்லை. மீதி நான்கு காலையிலேயே விற்றுப்போயிருந்தன. வாங்கியவர் பொங்கலூரில் கோழிப்பண்ணை வைத்திருப்பவர், கடைக்காரருக்குத் தெரிந்தவர். மகளுக்குக் குழந்தை பிறந்து, அன்றுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்துப் போயிருந்தார். கடைக்காரர் போன் போட்டார், அவர் எடுக்கவில்லை.

“நான் சாயந்திரம் கூப்பிட்டுச் சொல்லிக்கறனுங்க. நீங்க கெளம்புங்க.”

“சாயந்திரத்துக்குள்ள குழந்தைக்குப் போட்டுட்டாங்கன்னா?”

 கடைக்காரர் வழி சொன்னார். காங்கயம் போகிற பஸ்ஸைப் பிடித்தோம்.

பொங்கலூரில் இறங்கி, தென்னந்தோப்பைத் தாண்டி நடந்தபோது தூரத்தில் கோழிப்பண்ணைக் கொட்டகை தெரிந்தது. அதை ஒட்டிய வீட்டிலிருந்து குழந்தை வீறிட்டு அழுகிற சத்தம் கேட்டது. அம்மா ஓடினாள். அம்மா ஓடி நான் பார்த்தது அன்றுதான். புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, செருப்பு ஒன்று கழன்று விழுந்ததைத் திரும்பிப் பார்க்காமல் ஓடினாள். நான் செருப்பைப் பொறுக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

வாசலில் நின்ற பெரியவருக்கு மூச்சிரைக்க விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள், உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்த மகள் குழந்தையின் சட்டை நாடாவைப் பிடுங்கி அவிழ்த்துவிட்டார். அதை வாங்கி நான் காந்தத்தை ஓட்டினேன்.  அதில் ஒன்றுமில்லை. குழந்தைக்குப் பசி, அவ்வளவுதான். பால் கொடுத்ததும் சமாதானமாகிவிட்டது.

மடித்து வைத்திருந்த மூன்று சட்டைகளை அம்மா விரித்தாள். முதல் இரண்டிலும் இல்லை. மூன்றாவதின் தோள் தையலில் போய்க்கொண்டிருந்த காந்தம் சட்டென்று நின்றது. இழுத்தால் துணியும் கூடவே எழும்பி வந்தது.

“அம்மா!” என்று கத்தினேன்.

அம்மா தையலைப் பிரித்தாள். உடைத்த அரிசியில் பாதி அளவுக்கு, பளபளவென்று, ஊசியின் முனை. பெரியவர் அதை உள்ளங்கையில் வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நான் அம்மாவின் பின்னால் நகர்ந்தேன்.

“நீங்க வராட்டி, இது எங்கிருந்து வந்துச்சுன்னே எங்களுக்குத் தெரிஞ்சிருக்காதுங்களே,” என்றார்.

“தெரிஞ்சிருக்காதுங்க,” என்றாள் அம்மா. “தப்பு எங்க மேலதானுங்க. நாலு சட்டையும் குடுத்துருங்க. கடையில சொல்லி வேற கம்பெனிச் சட்டையா வாங்கிக் குடுத்தர்றேன்.”

“இந்த ஒண்ண மட்டும் எடுத்துட்டுப் போங்க. மத்த மூணும் இங்கயே இருக்கட்டும்.” பெரியவர் மகளைப் பார்த்தார். “இது ஒவ்வொரு தையலாப் பாத்த சட்டையாச்சே. இனி வேற எதப் போட்டாலும் எனக்குத்தான் பயமா இருக்கும்.”

மகள் சிரித்துவிட்டார். அவிழ்த்த சட்டையையே மறுபடி குழந்தைக்குப் போட்டு, நாடாவைக் கட்டினார். அம்மா அங்கேயே உட்கார்ந்து முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எங்களுக்கு மோரும், ஒரு தட்டு முட்டையும் வந்தன. வீடு திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பாட்டோடு சேர்ந்து நான் கத்திப் பாடினேன், அம்மா தடுக்கவில்லை.

திங்கட்கிழமை கடைக்காரரின் போன் வந்தது. மாமா, “வேண்டாம்னு சொல்லத்தான்” என்றார். அம்மா ஸ்பீக்கரில் போட்டாள்.

“அம்மிணி, உங்க சட்டை அத்தனையும் தீந்துபோச்சுங்க. பொங்கலூர்க்காரர் நேத்துக் கடை வாசல்ல நின்னுட்டு, போறவங்க வர்றவங்க கிட்டயெல்லாம் சொல்லிப்போட்டாரு. அன்னிக்குச் சட்டையக் கீழ போட்டுட்டுப் போனாங்களே, அந்தம்மாவும் வந்தாங்க. ‘அந்த ஊசிக்காரம்மா சட்டை குடுங்க’ன்னு கேக்கறாங்க. ஆறு டஜன் அனுப்புங்க. சீக்கிரமா அனுப்புங்க.”

அம்மா தலையைப் பின்னால் சாய்த்து வாய்விட்டுச் சிரித்தாள். மாமா போய் மொபெட்டைத் துடைக்க ஆரம்பித்தார். அந்த வாரம் மூட்டை போனபோது தெருமுனை வரை ஹாரன் அடித்துக்கொண்டே போனார். அடுத்த வருடம் எங்கள் மெஷின்கள் ஒன்பது. முன்னறை போதாமல் பக்கத்துக் கட்டடத்தையும் பிடித்தோம். பள்ளியில் இதை நான் சொல்லாத பிள்ளை கிடையாது. ஊசியைக் கண்டுபிடித்த கட்டத்தில் என் குரல் தானாகவே உயரும்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு அம்மாவின் மேல் தீராத கோபம் இருந்தது. அந்தத் திங்கட்கிழமை அக்கா வேலைக்கு வரவில்லை. வேலை போய்விட்டது என்று அவளே முடிவு செய்துவிட்டாள் போலிருக்கிறது. அம்மா அவள் குடியிருந்த லைன் வீட்டுக்கே போய்க் கையோடு அழைத்து வந்தாள். வந்தவளை மெஷினில் உட்கார வைக்கவில்லை.

“இனிமேல் கடைசி செக்கிங் நீ பாரு. நீ பாத்துச் சரின்னு சொன்னாத்தான் சட்டை வெளிய போகணும்.”

அது அம்மா அதுவரை யாரிடமும் விடாத வேலை. அக்கா தலையாட்டக்கூட முடியாமல் அழுதாள். நான் அன்று சாப்பிடவில்லை. இரண்டு நாள் அம்மாவோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தாங்க முடியாமல் கேட்டே விட்டேன்.

“ஊசிய ஒடச்சது அவங்க. அத மறச்சதும் அவங்க. அவங்களுக்கு எதுக்கு அந்த வேலை?”

அம்மா துணி மடித்துக்கொண்டே, “அவதானே கண்ணு வந்து சொன்னா” என்றாள்.

இது ஒரு பதிலா? சொன்னதில் என்ன பெரிய கெட்டிக்காரத்தனம் இருக்கிறது என்று பொருமினேன். கண்டுபிடித்தது நானல்லவா.