இறைக்கக் கூடாத கிணறு

என் தம்பி ஜெயரூபனின் மனைவி கஜானியைப் பற்றி எங்கள் ஊர் நீர்வேலியில் யாரைக் கேட்டாலும், நல்ல பிள்ளை, கொஞ்சம் பயந்த சுபாவம் என்றுதான் சொல்வார்கள். கொஞ்சம் என்பது பொய். பாம்புக்குப் பயமில்லை, இடிக்குப் பயமில்லை, என் வாய்க்குக்கூடப் பயமில்லை அவளுக்கு. தண்ணீருக்குத்தான் பயம். அதுவும் பரந்து கிடக்கிற தண்ணீருக்கு. நெல்லியடிக்குப் போகிற பஸ் வல்லைப் பாலத்தில் ஏறும்போது கண்ணை மூடிக்கொள்வாள். பாலம் முடிந்து நான் தொடையில் தட்டினால்தான் திறப்பாள்.

அவள் வன்னிப் பிள்ளை. சண்டையின் கடைசி நாட்களில் நந்திக்கடல் என்கிற உப்பு நீரேரியைக் கழுத்தளவு தண்ணீரில் நடந்து கடந்தவர்களில் ஒருத்தி. அப்போது பதினேழு வயது. தாய் தகப்பன் அதற்கு முன்னமே போய்விட்டார்கள். எட்டு வயதுத் தங்கை வித்தியாவோடு தண்ணீரில் இறங்கினாள், தனியாகக் கரையேறினாள். எங்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். எப்படி நடந்தது என்று நாங்கள் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. சில விசயங்களைக் கேட்காமல் விடுவதுதான் மரியாதை.

இன்னொரு பழக்கமும் இருந்தது. மகள் டிலக்ஷியை ரோட்டில் கூட்டிப் போகும்போது கையைப் பிடிக்க மாட்டாள். மணிக்கட்டைப் பிடிப்பாள், இறுக்கி. பிள்ளை விரல்களைக் கோர்க்கப் பார்த்தால் உதறிவிட்டுத் திரும்பவும் மணிக்கட்டுக்கே போவாள்.

"என்னடி, பொலிஸ் கள்ளனைக் கொண்டுபோற மாதிரி" என்று பகிடி பண்ணுவேன். சிரிப்பாள். பிடியை மாத்திரம் மாற்ற மாட்டாள்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். நீர்வேலி வீடும் வளவும் வாழைத்தோட்டமும் எனக்குச் சீதனமாக வந்தன. தம்பி கலியாணம் செய்து பெண்ணின் வீட்டுக்குப் போக வேண்டியவன், ஆனால் அவன் விரும்பிக் கட்டிய பெண்ணுக்கு வீடும் இல்லை, வீடு தருவதற்கு ஆட்களும் இல்லை. கலியாணம் கட்டிய நாள் முதல் வாடகை வீடுகள்தான். நாங்கள் ஒருவரும் அதைக் குத்திக்காட்டவில்லை. ஆனாலும் அவளுக்கு அது குத்திக்கொண்டே இருந்தது. "வீடு கொண்டு வராத நான் வீட்டைப் பற்றி என்ன கதைக்கிறது மச்சாள்" என்று ஒருமுறை என்னிடம் சொன்னாள். அந்த ஒரு வார்த்தையால்தான் இத்தனையும் வந்தது.

தம்பி நெல்லியடியில் தண்ணீர் இறைக்கிற மிசின் திருத்துகிற கடையில் வேலை. கரவெட்டிக்கு மேற்கே, நீரேரிக் கரையில் ஒரு வீடு விலைக்குக் கிடக்கிறது என்று தரகர் கந்தப்பு கடைக்கு வந்து சொல்லியிருக்கிறார். வீட்டுக்காரர் பிரான்சில். சாதாரணமாக எங்கள் ஆட்கள் நீரேரிக்கு முதுகைக் காட்டித்தான் வீடு கட்டுவார்கள். முன்வாசல் ரோட்டுக்கு, தண்ணீர்ப் பக்கம் கக்கூசும் கோழிக்கூடும். இந்த மனுசன் பிரான்சில் ஏரிக்கரை வீடுகளைப் பார்த்துவிட்டு, ரெலிபோனிலேயே மேசனுக்குச் சொல்லி, முழு வீட்டையும் நீரேரியைப் பார்த்துக் கட்டுவித்தார். பெரிய விறாந்தை, பெரிய யன்னல்கள். கட்டுவித்தாரே தவிர ஒரு நாளும் வந்து இருக்கவில்லை. அதனால்தான் எங்கள் சக்திக்கு எட்டுகிற மாதிரிக் கிடைத்தது.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை நாடாது என்பார்கள். என் தம்பி அந்தப் பூனையைத் தூக்கி அடுப்பிலேயே வைக்கப் புறப்பட்டான். அவன் கெட்டவன் இல்லை. பழைய பயமெல்லாம் பிள்ளை பிறந்ததோடு போய்விட்டது என்று நினைத்தான். ஆண்களுக்கு அப்படி நினைப்பது வசதி.

தை மாதத்தில் வீடு பார்க்கப் போனோம். மாரி மழை பெய்து ஓய்ந்திருந்தது. நீரேரி முட்டி நிறைந்து விறாந்தைப் படிக்குக் கிட்டவரை வந்து மினுங்கிக்கொண்டிருந்தது. தம்பி அறை அறையாக நடந்து கூரையைத் தட்டிப் பார்த்தான். கஜானி ஒரு அறைக்குள்ளும் போகவில்லை. டிலக்ஷியின் மணிக்கட்டைப் பிடித்தபடி நேரே கிணற்றடிக்குப் போனாள்.

இங்கே வளவு வாங்குகிறவர்கள் முதலில் கிணற்றுத் தண்ணீரைத்தான் வாயில் விட்டுப் பார்ப்பார்கள். உவர்த் தண்ணீர் என்றால் வேறு காரணம் சொல்லத் தேவையில்லை, அப்படியே திரும்பிப் போகலாம். தரகரும் கோபிக்க மாட்டார். அவளுக்கிருந்த ஒரே தப்பும் வழி அதுதான் என்று எனக்கு விளங்கியது. வாளியைத் தூக்கி இரண்டு கைகளாலும் ஏந்திக் குடித்தாள். கண்ணை மூடி, உப்புக் கரிக்காதா என்று ஏங்கிக் குடித்ததை நான் பார்த்தேன்.

"எப்பிடிப் பிள்ளை தண்ணி?" என்றார் கந்தப்பு.

அவள் முகம் செத்துப்போனது. "நல்ல தண்ணி" என்றாள்.

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லத் தெரியவில்லை. பிறகு அவள் கேட்டது ஒரு கேள்விதான்: "உந்த விறாந்தைக் கதவை உள்ளுக்கிருந்து பூட்டலாமோ?"

"ஓம் ஓம், பூட்டலாம். ஆனால் காத்தை ஆர் பூட்டுவினம்" என்று கந்தப்பு சிரித்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில், பாலம் தாண்டிய பிறகும் அவள் கண்ணைத் திறக்கவில்லை. தம்பியிடம் சொல்லிப் பார்த்தேன். "அவ ஓம் எண்டுதானே அக்கா சொன்னவ" என்றான்.

எழுத்து வேலைகள் முடிய ஆவணி ஆகிவிட்டது. புது வீட்டுக் குடிபூரலுக்கு நாள் வைத்தார்கள். அதற்கு முதல் நாள் தம்பி கடையிலிருந்து பெரிய மிசினைக் கொண்டுவந்து கிணற்றடியில் இறக்கினான். நீர்வேலியில் அப்படித்தான். பூட்டிக் கிடந்த வீட்டுக்குக் குடிபோவதென்றால் கிணற்றை அடிவரை இறைத்து, சேறு வாரி, புதுத் தண்ணீர் ஊறவிட வேண்டும். பழைய தண்ணீரில் பால் காய்ச்சினால் ஊர் சிரிக்கும். எங்கள் செம்மண் கிணறுகள் அதற்கெல்லாம் அசைந்து கொடுக்காது, பொழுது விடிவதற்குள் நிறைந்துவிடும்.

பக்கத்து வளவுச் சிசிலியா வேலியால் எட்டிப் பார்த்தாள். புருசன் நீரேரியில் வலை வீசுகிறவர். "தம்பி, உந்தக் கிணத்தை மிசின் போட்டு இறையாதேங்கோ. வாளியாலை மட்டும் அள்ளுங்கோ" என்றாள்.

"நான் மிசின்காரன் அக்கா. எத்தினை கிணறு இறைச்சிருப்பன்" என்றான் தம்பி.

நானும் அவன் பக்கம்தான் நின்றேன். நாங்கள் தோட்டக்காரர், கிணற்றைப் பற்றி எங்களுக்கு யார் சொல்வது என்ற எண்ணம். நீரேரிக் கரையில் மழைத் தண்ணீர் உவர்த் தண்ணீருக்கு மேலே பாலாடை மாதிரி மிதந்து கிடக்கும், அள்ளி அள்ளிக் குடித்தால் இருக்கும், உறிஞ்சி எடுத்தால் கீழே இருக்கிற உவர் மேலே ஏறும் என்பது செம்மண்ணில் பிறந்த எங்களுக்குத் தெரியாது. பின்னேரம் வரை மிசின் ஓடியது. கிணற்றின் அடிக்கல் தெரிந்தது. தம்பிக்குப் பெருமை.

மறுநாள் காலை பால் காய்ச்சிக் குடிபூந்தார்கள். பெரிய கூட்டமில்லை, கடைக்காரர் சிலரும் நாங்களும்தான். பால் நன்றாகத்தான் பொங்கியது. பிறகு புதுத் தண்ணீர் அள்ளிக் குசினியில் தேத்தண்ணி போட்டோம். முதல் வாயிலேயே கடை முதலாளி கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். நான் குடித்தேன். சீனிக்குள்ளால் உப்புக் கரித்தது.

"உவர் ஏறியிட்டுது" என்று வேலிக்கு அப்பாலிருந்து சிசிலியா சொன்னாள். "இனி மாரி பெய்யுமட்டும் உப்பிடித்தான் கிடக்கும். என்ரை கிணத்திலை அள்ளுங்கோ, பறவாயில்லை." தம்பி யாருடைய முகத்தையும் பார்க்காமல், நல்ல தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று மோட்டார்சைக்கிளில் கான்களைக் கட்டிக்கொண்டு போய்விட்டான்.

அதற்குப் பிறகுதான் கஜானியைக் கவனித்தேன். குசினி வாசலில் கோப்பையோடு நின்றாள். வாய்க்குள் எடுத்த தேத்தண்ணியை விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. கோப்பை சரிந்து தேத்தண்ணி சட்டையில் சிந்தியது. நான் போய் முதுகைத் தடவ, நிலத்தில் துப்பிவிட்டு அப்படியே குந்திவிட்டாள்.

"அந்தத் தண்ணி மச்சாள்" என்றாள். "அண்டைக்கு வாய்க்குள்ளை போன தண்ணி. இதே உருசை."

நான் அவள் தலையை என் வயிற்றோடு அணைத்துக்கொண்டேன். அவள் உடம்பு குலுங்கியது. சிறிது நேரத்தில் குலுக்கம் நின்றது. தலையை நிமிர்த்தினாள்.

"டிலக்ஷி எங்கை?"

அறைகளில் இல்லை. கிணற்றடியில் இல்லை. கஜானி தன் கையால் பூட்டியிருந்த விறாந்தைக் கதவு விரியத் திறந்து கிடந்தது.

அவள் ஓடியதை நான் ஓட்டம் என்று சொல்ல மாட்டேன், விழுந்து விழுந்து போனாள். ஆவணி வெயிலில் நீரேரி வற்றிக் கரையிலிருந்து தூரம் போயிருந்தது. அதற்கும் அப்பால், தண்ணீருக்குள், சிசிலியாவின் மகளோடு டிலக்ஷி குனிந்து இறால் தடவிப் பிடித்துக்கொண்டிருந்தாள். பாவாடை முழங்காலுக்கு மேல் நனைந்திருந்தது. கஜானி கூப்பிட்டாள். நீரேரிப் பக்கமிருந்து வீசிய சோளகக் காற்று அந்தக் குரலை எங்கள் பக்கமே திருப்பி அடித்தது. பிள்ளை இன்னும் இரண்டு எட்டு உள்ளே வைத்தாள்.

தண்ணீர் விளிம்பில் கஜானி நின்றுவிட்டாள். எனக்கு நீந்தத் தெரியாது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நான் போகிறேன் என்று வாய் திறப்பதற்குள், அவள் இறங்கிவிட்டாள். நானும் பின்னால் இறங்கினேன். காலுக்குக் கீழே சேறு இழுத்தது. கணுக்கால் அளவு, பிறகு கெண்டைக்கால் அளவு. அதற்கு மேல் ஆழமில்லை என்று கண்ணுக்குத் தெரிகிறது, ஆனாலும் ஒவ்வொரு அடியையும் தடவித் தடவித்தான் வைத்தேன். முன்னால் அவள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே போனாள். தேவாரம் என்று நினைத்தேன். கிட்டப் போனதும் கேட்டது. "வித்தியா, வித்தியா" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

போய்ச் சேர்ந்தாள். மகளின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். அவ்வளவுதான், அதற்கு மேல் கால் எழும்பவில்லை. நாலு பக்கமும் தண்ணீர். முகத்தில் இரத்தமே இல்லை. மூச்சு மேலேயும் கீழேயும் போகிறது, கண் எதையும் பார்க்கவில்லை. நான் தோளில் கை வைத்தேன், மரக்கட்டை மாதிரி நின்றாள். இவள் இங்கேயே விழப்போகிறாள், என்னால் இரண்டு பேரையும் தூக்க முடியாது என்று நினைத்தேன். உண்மையில் பயந்துபோனேன்.

டிலக்ஷி தாயை அண்ணாந்து பார்த்தாள். மெல்லக் கையைத் திருகி விடுவித்துக்கொண்டாள். விடுவித்த கையால் தாயின் மணிக்கட்டைப் பிடித்தாள், தன்னைத் தாய் பிடிக்கிற அதே இறுக்கத்தோடு.

"நான் பிடிச்சிருக்கிறன் அம்மா. வாங்கோ" என்றாள்.

கஜானி ஒரு கால் எடுத்து வைத்தாள். பிறகு மற்றக் கால். இழுத்துக்கொண்டு போகிற பிள்ளையின் பின்னால், கண் தெரியாத ஆளைப்போல, கரைவரை நடந்தாள்.

கரையில் விழுந்து இருந்தவள் நெடுநேரம் தன் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளையின் விரல் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது.

"நான் அண்டைக்குக் கையைத்தான் மச்சாள் பிடிச்சனான்" என்றாள். "விரலுக்குள்ளை விரல் கோத்து. அவளுக்கு அப்பிடிப் பிடிச்சாத்தான் விருப்பம். நனைஞ்ச கை வழுக்கும் எண்டு எனக்குத் தெரியேல்லை."

நான் அழுதேன். அவள் அழவில்லை.

கான்களோடு வந்த தம்பி, விசயத்தைக் கேட்டு அவள் முன்னால் மண்ணிலேயே குந்திவிட்டான். "வித்துப்போடுவம். நாளைக்கே கந்தப்புவுக்குச் சொல்லுறன். நீர் ஏன் என்னட்டைச் சொல்லேல்லை" என்றான்.

கஜானி நீரேரியைப் பார்த்தாள். பிறகு வேலியடியில் நின்ற சிசிலியாவைப் பார்த்தாள்.

"இஞ்சருங்கோ, விக்க வேண்டாம்" என்றாள் தம்பியிடம். "எங்கை போனாலும் எங்கையோ ஒரு தண்ணி கிடக்கும். பிள்ளைக்கு நீந்தப் பழக்கோணும். ஆரும் கையைப் பிடிச்சிருக்கத் தேவையில்லாத அளவுக்கு."

மாரி வந்தது. தண்ணீர் படிவரை ஏறிய நாட்களில் கஜானி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டாள், நான் ஏன் என்று கேட்கவில்லை. தை பிறக்கக் கிணறு தெளிந்தது. இப்போது வாளியால் மட்டும் அள்ளுகிறார்கள். தம்பி மிசினை அந்த வளவுப் படலைக்குள் கொண்டுவருவதில்லை. நீரேரிப் பக்கத்து யன்னல்களில் ஒன்றை மாத்திரம் திறந்து வைக்கிறாள். மற்றவை பூட்டுத்தான்.

போன கிழமை ஒரு நாள் பின்னேரம் போயிருந்தேன். சிசிலியா இடுப்பளவு தண்ணீரில் நின்று டிலக்ஷியின் வயிற்றுக்குக் கீழே கை கொடுத்து நீந்தப் பழக்கிக்கொண்டிருந்தாள். கரையில் கஜானி, முழங்காலைக் கட்டிக்கொண்டு, பல் கிட்டி நடுங்கிக்கொண்டு இருந்தாள். நான் பக்கத்தில் போய் இருந்தேன். அந்த நேரம் பார்த்துச் சிசிலியா கையை எடுத்துவிட்டாள். பிள்ளை ஒருமுறை தாழ்ந்து, எழும்பி, கையை அடித்துக்கொண்டு தனியே போனாள்.

பஸ்ஸில் செய்கிற பழக்கத்தில், என்னை அறியாமல், கஜானியின் தொடையில் தட்டினேன்.

"நான் கண்ணை மூடேல்லை மச்சாள்" என்றாள் அவள், பிள்ளையிலிருந்து பார்வையை எடுக்காமல்.