பயணம் சொல்லாமல் விட்ட வீடு

சென்ற சனிக்கிழமை கொக்குவிலில் இருந்து வல்வெட்டித்துறைக்குக் காரில் போனேன். இருபது மைல் இருக்குமா? புறப்பட்டது காலை எட்டு மணிக்கு. போய்ச் சேர்ந்தது பகல் ஒரு மணிக்கு!

கார் பழுதாகவில்லை. டயர் வெடிக்கவில்லை. பெற்றோலும் தாராளமாக இருந்தது. பிறகு ஏன் என்கிறீர்களா? வழியில் வீடுகள் இருந்தன. வீடுகளில் தெரிந்தவர்கள் இருந்தார்கள். அவர்களுடைய அடுப்பில் தேத்தண்ணீருக்குக் கேத்தில் இருந்தது.

நான் வெறும் சாரதிதான். பயணம் சிவா அண்ணையுடையது. அடுத்த வளவுக்காரர், என்னைவிட ஐந்து வயது மூத்தவர். பொறியியல் படித்துவிட்டுக் கனடாவுக்குப் போய் ஐந்து வருடம். மூன்று கிழமை லீவில் வந்திருந்தார். இந்தப் பத்தி உங்கள் கைக்கு வரும்போது மறுபடி பனிக்குள்ளே நின்றுகொண்டிருப்பார்.

"தம்பி, உன்ரை மாமாவின்ரை காரை ஒருநாளைக்கு எடுப்பியோ? குணத்தைப் பாக்கவேணும்" என்றார்.

கேட்கவேண்டுமா? லைசென்ஸ் கிடைத்து மூன்று மாதம். ஸ்டியரிங்கைக் கனவிலும் பிடித்துக்கொண்டு படுக்கிறவன் நான்! ஆனால் 'குணம்' என்ற பெயரைக் கேட்டதும் கொஞ்சம் யோசித்தேன். அந்தக் கதை எங்கள் ஒழுங்கைக்கே தெரியும்.

குணரத்தினம் வல்வெட்டித்துறைக்காரர். சிவா அண்ணையும் அவரும் பள்ளிக்கூட விடுதியில் ஏழு வருடம் ஒரே மேசையில் சாப்பிட்டவர்கள். கனடாவுக்குப் போகுமுன் சிவா அண்ணை முறைப்படி வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்லி விடைபெறப் புறப்பட்டார். தகப்பனாரோடு வேலை பார்த்தவர், தாயாரின் ஒன்றுவிட்ட தங்கையின் சம்பந்தி — ஒரு வீடும் தப்பவில்லை. குணத்தின் வீட்டை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தார். "அவன் எங்கடை ஆள்தானே... ஆறுதலாப் போவம்."

ஆறுதலாகப் போவதற்கு நாள் மிஞ்சவில்லை. மெயில் ரயில் வந்துவிட்டது.

நெருங்கியவனைத்தானே நாங்கள் காத்திருக்க வைக்கிறோம்?

அந்தக் கடைசி நாளில் குணத்தின் வீட்டில் அவருக்கென்று சமைத்து வைத்துவிட்டு இருட்டும்வரை வாசற் படலையைப் பார்த்திருந்தார்களாம். கனடா போனபின் சிவா அண்ணை பதினொரு கடிதம் போட்டார். ஒன்றுக்கும் பதில் இல்லை. திங்கட்கிழமை மறுபடி விமானம். இடையில் இருந்தது இந்த ஒரு சனிக்கிழமைதான்.

புறப்படும்போதே சிவா அண்ணை வலப்பக்கக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே இருந்துவிட்டார்.

"அண்ணை, அது என்ரை இடம்!"

"அட... அங்கை இதுதானடா சும்மா இருந்து வாறவன்ரை பக்கம்."

கோப்பாய்க்குப் போகும்வரை கனடாக் கதைதான். கல்கரியில் இருந்து வன்கூவருக்கு, கொண்டாவில் ஊர்க்கார நண்பர் ஒருவரைப் பார்க்கக் காரிலே இரண்டு நாள் ஓடியிருக்கிறார். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் ஏரி. மலைக்கு மேலே மேகமா, மேகத்துக்கு மேலே மலையா என்று தெரியாதாம். மணிக்கணக்காக ஓடினாலும் ஒரு வீடு இல்லை, ஒரு நாய் இல்லை. றோட்டு மட்டும் முன்னால் போய்க்கொண்டே இருக்குமாம் — யாரோ பாய் விரித்துக்கொண்டு போகிற மாதிரி.

நான் கோப்பாய்ச் சந்தியில் நிற்பதை மறந்தேன். இரண்டு பக்கமும் மரவள்ளித் தோட்டம் மலையாக எழும்பிக்கொண்டிருந்தது. பின்னால் வந்த பஸ்காரன் ஹோர்ன் அடித்துத்தான் என்னைக் கனடாவில் இருந்து திருப்பி எடுத்தான்.

கோப்பாயில் ஒரு மாமி வீடு. "சும்மா தலையைக் காட்டிப்போட்டு வாறன்" என்றார் சிவா அண்ணை. தலையைக் காட்டியதற்குத் தேத்தண்ணீர், பயற்றம் பணியாரம். நீர்வேலியில் பழைய கணித மாஸ்ரர். மறுபடி தேத்தண்ணீர், இதரை வாழைப்பழம். அதன்பிறகு, "தம்பி, நிலாவரைக் கிணத்தையும் ஒருக்காப் பாப்பமே?"

அடி தெரியாத அந்தக் கிணற்றை நான் நூறு தடவை பார்த்திருப்பேன். அன்றைக்குத்தான் அது எனக்கும் புதிதாகத் தெரிந்தது. சித்திரை வெயில் படிகளோடு நின்றுவிட, தண்ணீர் மட்டும் இரவை வைத்துக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தால் நம் முகம் எங்கேயோ கீழே, நாம் போகாத ஊரில் இருந்து நம்மைப் பார்க்கிறது. சிவா அண்ணை அரைமணி நேரம் அசையவில்லை. நான் இரண்டு முறை மணிக்கூட்டைப் பார்த்தேன். அவர் பார்க்கவில்லை.

புத்தூரில் நடராசா அண்ணை வீடு. அவரும் அந்த விடுதி மேசைக்காரர்தான். இப்போது வெங்காயமும் மிளகாயும் செய்கிறார். போனவுடன் கனடாப் படங்கள் வெளியே வந்தன. ஏரிப் படத்தை நடராசா அண்ணை திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உதென்ன மச்சான், தண்ணிக்குள்ளை மயில்துத்தம் கரைச்சு விட்டிருக்கினமோ?"

"இல்லையடா. பனி உருகி வாற தண்ணி. நிறமே அப்பிடித்தான்."

"உது ஒண்டு புத்தூரிலை இருந்தால்... எத்தினை பரப்புக் காணிக்கு இறைக்கலாம்!" பெருமூச்சு விட்டுப் படத்தைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு சாதாரணமாகக் கேட்டார்: "அது சரி, குணத்தைப் பாத்திட்டியோ?"

"அங்கைதான் போறம். பின்னேரம்."

"பின்னேரமோ? விசரா! அவன் இண்டைக்கெல்லே முல்லைத்தீவு வாடிக்குப் போறான்! நேற்று வந்து சமையலுக்கு வெங்காயம், செத்தல் மிளகாய் எல்லாம் கட்டிக்கொண்டு போனவன். ஒரு மணிக்குப் போட் வெளிக்கிடுது."

வாடி என்றால் தெரியும்தானே? பருவத்துக்குக் கடற்கரையில் கொட்டில் போட்டுத் தங்கி மீன்பிடிப்பது. போனால் திரும்ப ஆறுமாதம். சிவா அண்ணை திரும்ப எத்தனை வருடமோ!

மணி பன்னிரண்டு தாண்டியிருந்தது. குசினியில் இருந்து குழம்பு வாசம் வந்தது. நடராசா அண்ணையின் மனைவி இலை நறுக்கிக்கொண்டு நின்றார். சமைத்த வீட்டில் இருந்து சாப்பிடாமல் எழும்புவது எங்கள் ஊரில் லேசான குற்றமா? சிவா அண்ணை அந்த இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கதிரையில் சாய்ந்தார்.

"இவ்வளவு பாடுபட்டுச் சமைச்சிருக்கினம்... ஒரு பிடி சாப்பிட்டிட்டு..."

அப்போதுதான் எனக்கு விஷயம் வெளித்தது. மாமியும் மாஸ்ரரும் நிலாவரையும் வழியில் வந்தவை அல்ல — இவர் தேடிப் போனவை! மனிதர் குணத்துக்குப் பயந்துபோய் இருக்கிறார்.

நடராசா அண்ணைக்கும் அது விளங்கியிருக்கவேண்டும். "எழும்படா! சோறு எங்கையும் ஓடாது. ஓடப்போறது அவன்தான்!" என்று கையைப் பிடித்துக் கிளப்பிக் காருக்குள் தள்ளிவிட்டார்.

அவரங்கால் தாண்டி வல்லை வெளிக்கு வந்தால் பனைகள் திடீரென்று விலகிவிடும். வீடு, வேலி, மதில் என்று இவ்வளவு நேரமும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்த யாழ்ப்பாணம் கையை விட்டுவிடும். இரண்டு பக்கமும் வெட்டவெளி. வற்றிய தரவை நிலத்தில் உப்புப் பூத்து வெள்ளையாய்க் கிடந்தது. தூரத்தில் றோட்டே தண்ணீராய் நெளிந்தது. காற்று காரை ஒரு பக்கமாய்த் தள்ளிப் பார்த்தது.

"தம்பி, ஒருக்கா நிப்பாட்டு."

"அண்ணை, நேரம்..."

"ஒரு நிமிசம்."

இறங்கி நின்றார். சேட்டு காற்றில் பாயாய் விரிந்தது. வெளியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அந்த மலைப்பாதை எவ்வளவு வடிவு தெரியுமோ? ஆனா, ஒவ்வொரு வளைவிலையும் பக்கத்து சீற்றைத் திரும்பிப் பாத்தன் தம்பி. ஒருத்தரும் இல்லை. 'உங்கை பாரடா குணம்' எண்டு வாய்வரைக்கும் வரும்... ரெண்டு நாளும் அப்பிடியே விழுங்கிக்கொண்டு ஓடினன்." என் பக்கம் திரும்பினார். "அவன் முகத்தைத் திருப்பினானெண்டால் என்னடா செய்யிறது?"

எனக்கு வயது இருபத்துமூன்று. "திருப்பினால் மற்றப் பக்கம் போய் நில்லுங்கோ" என்றேன். வாய்க்கு வந்தது அவ்வளவுதான். ஆனால் அவர் சிரித்துவிட்டு ஏறினார். நானும் மிதித்தேன்!

வல்வெட்டித்துறைக் கரை. மணி ஒன்று அடித்துச் சில நிமிடம். நீலப் போட் ஒன்று ஆழமில்லாத தண்ணீரில் நின்றது. வலை, சாக்கு, சட்டி பானை எல்லாம் ஏறிவிட்டன. சாரத்தை மடித்துக் கட்டிய ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று கயிறு சுற்றிக்கொண்டிருந்தார். கரையில் அவருடைய தாயார். எங்களை முதலில் கண்டது அவர்தான்.

"ஆர், சிவாவே? அண்டைக்கு வச்ச கறி இப்ப நல்லா ஆறியிருக்கும் தம்பி!"

சிவா அண்ணைக்குக் காது சிவந்தது. தண்ணீரில் நின்றவர் திரும்பினார். மேலிருந்து கீழாக ஒரு பார்வை. கடைசியில் கால்களில் வந்து நின்றது.

"சப்பாத்தைக் கழட்டு. நனையும்."

ஐந்து வருடத்துக்குப் பிறகு குணம் அண்ணை பேசிய முதல் வார்த்தை இதுதான்.

"குணம், நான் அண்டைக்கு..."

"எனக்கு நேரமில்லை. கதைக்கிறதெண்டால் ஏறு. பருத்தித்துறையிலை இறக்கிவிடுறன்." பிறகு என்னைப் பார்த்தார். "தம்பி, நீர் காரைக் கொண்டு அங்கை வாரும்."

சிவா அண்ணை கனடா நீளக்காற்சட்டையோடு கடலுக்குள் இறங்கினார். சப்பாத்துகள் இரண்டும் தலைக்கு மேலே. போட் கிளம்பிவிட்டது.

வாசகர்களே, அதற்குப் பிறகு நான் போன நாலைந்து மைல்தான் இந்தப் பயணத்திலேயே அழகானது.

வல்வெட்டித்துறையில் இருந்து பருத்தித்துறைக்கு றோட்டு கடலை ஒட்டியே போகும். நான் கரையில், அவர்கள் கடலில். பக்கத்துப் பக்கமாக, ஒரே திசையில்! இரண்டாம் கியரை விட்டு நான் மாறவே இல்லை. கோயில் மதில் ஒன்று வந்து மறைக்கும். முடிந்ததும் அந்த நீலம் மறுபடி தெரியும். முதல் இடைவெளியில் பார்த்தபோது ஒருவர் நின்று கையை வீசிக்கொண்டிருந்தார், மற்றவர் தலை குனிந்து இருந்தார். பிறகு நாலு வீடு. அடுத்த இடைவெளியில் இரண்டு பேருமே எழும்பிவிட்டார்கள் — நான் காரையே நிறுத்திவிட்டேன். கைகலப்பா? கடலுக்குள் தள்ளிவிடுவாரா? நீந்தத் தெரியுமா சிவா அண்ணைக்கு?

ஒரு சொல்லும் கேட்கவில்லை. காற்றும் அலையும் எல்லாவற்றையும் தங்களுக்கே வைத்துக்கொண்டன. பிறகு காயப்போட்ட வலைகள், வள்ளங்கள், வெள்ளைச் சுவர் ஒன்று... அது முடிந்தபோது இரண்டு பேரும் ஒரு பலகையில் இருந்தார்கள். வெயில் கடலில் உடைந்து உடைந்து கண்ணைக் கூச வைத்தது. அதற்குப் பிறகு எது யார் என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. கடல் மேலே இரண்டு கறுப்புப் புள்ளிகள், அவ்வளவுதான்.

இப்படியே இந்தியாவரை றோட்டுப் போட்டிருக்கக் கூடாதா என்று இருந்தது எனக்கு.

பருத்தித்துறையில் இரண்டு தட்டை வடை கடித்து முடிப்பதற்குள் போட் வந்துவிட்டது. சிவா அண்ணை குதித்துத் தண்ணீரை உழக்கிக்கொண்டு கரைக்கு வந்தார். குணம் அண்ணை இறங்கவில்லை. ஒரு கையைத் தூக்கினார். போட் கிழக்கே திரும்பியது.

"என்ன அண்ணை, மன்னிப்புக் கேட்டனீங்களோ?"

"அவன் இடம் விட்டால்தானே! முழு வழியும் ஏச்சும் பேச்சும். என்ரை பரம்பரையிலை ஒருத்தர் மிச்சமில்லை." முகத்தைத் துடைத்தார். கடல் தண்ணீர் என்றுதான் சொன்னார். "தம்பி... பதினொரு கடிதத்தையும் வாசிச்சிருக்கிறான். எல்லாம் மனப்பாடம்! 'ஆறாவது கடிதத்திலை குளிர் பழகிப்போச்செண்டு எழுதினியே, பொய்தானே?' எண்டு கேக்கிறான்."

"நீங்கள் என்ன சொன்னியள்?"

"ஓம் எண்டன். அதுக்கும் ஒரு பேச்சு." சப்பாத்துக்குள் இருந்த தண்ணீரை ஊற்றினார். "இறங்கேக்கை சொன்னான்: 'இனி ஆறு மாசத்துக்குக் கடிதத்தை வாடி விலாசத்துக்குப் போடு' எண்டு."

திரும்பி வரும்போது அவர் ஒரு வீட்டிலும் நிறுத்தச் சொல்லவில்லை. ஈரக் காற்சட்டையோடு பக்கத்து சீற்றில் நித்திரையாகிவிட்டார்.

நான் மட்டும் யோசித்துக்கொண்டு ஓட்டினேன். பதில் எழுதாதவன் வாசிக்கவில்லை என்று யார் சொன்னது? எங்கள் மேல் உண்மையான கோபம் இருக்கிற வீட்டில் எங்களுக்கென்று ஒரு இடமும் இருக்கிறது. இல்லாவிட்டால் இவ்வளவு காலம் யார் மினக்கெட்டுக் கோபிப்பார்கள்?

எனக்கும் மானிப்பாயில் அப்படி ஒரு வீடு உண்டு... சைக்கிளுக்குக் காற்று அடிக்கவேண்டும்.