ஜன்னலைத் திறந்தால் ஆறு

அபுதாபியின் ருவைஸில் எங்கள் தொழிலாளர் கேம்ப் பஸ்ஸை ஓட்டிய பட்டான் டிரைவருக்கு ஓரிடத்தில் நிற்கவே தெரியாது. டியூட்டி முடிந்து நாங்கள் ஏறும்வரை, நரைத்த தாடியை நீவிக்கொண்டு பஸ்ஸைச் சுற்றிச் சுற்றி வந்து டயர்களை உதைத்துப் பார்ப்பார். ஏறுகிற எல்லோரையும் தன் ஊருக்குக் கூப்பிடுவார். பாகிஸ்தானின் வடக்கே, ஸ்வாத் பள்ளத்தாக்கில் ஆற்றங்கரை ஊர்.

"வாங்க பாய், நம்ம வீட்லயே தங்கலாம். வால்நட் வியாபாரம் பண்ணலாம். ஜன்னலைத் திறந்தா ஆறு."

இந்தியனான எனக்கு விசா கிடைக்காது என்று தெரிந்தும் கூப்பிடுவார். எனக்கு எரிச்சலாக வரும்.

ஸ்வாத்தில் ராணுவத்துக்கும் தாலிபான்களுக்கும் சண்டை மூண்ட கோடையில் ஒருநாள், டயர் பக்கமே போகாமல் நேராக என்னிடம் வந்தார்.

"பாய், உங்க ஊரும் ஆத்தங்கரைதானே? வாடகைக்கு வீடு கிடைக்குமா?"

"யாருக்கு?"

"வீட்ல எல்லாரும் ஊரை விட்டுக் கிளம்பிட்டாங்க. டென்ட்ல இருக்காங்க."

அவர்களுக்கும் விசா கிடைக்காது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "காவேரில தண்ணியே இல்ல பாய்" என்றேன், என் ஓட்டை இந்தியில்.

"பரவாயில்ல" என்றார்.

மறுநாள் புதிதாக வந்த வெல்டர் ஒருவர் பஸ் ஏற வந்தார். டயரை உதைத்துவிட்டு வந்த டிரைவர் அவர் தோளில் கை போட்டார்.

"எங்க ஊருக்கு வாங்க பாய். நம்ம வீட்லயே தங்கலாம். ஜன்னலைத் திறந்தா ஆறு."