எலிஃபண்டாவில் சூடம் ஏற்றக் கூடாது

பழைய கற்சிலைகளைச் சுற்றிக்காட்டும் வேலைக்குச் சரித்திர அறிவைவிட, 'தெரியாது' என்பதை அலுப்புத் தெரியாமல் சொல்லும் குரல்தான் முக்கியம். அறுபதுகளில், மாதுங்காவில் ஒரு சிறிய டிராவல் ஆபீசுக்காக, ஞாயிறுதோறும் தமிழ்க் குடும்பங்களை எலிஃபண்டா குகைகளுக்கு அழைத்துப் போனேன். சரித்திரத்தில் பி.ஏ. படித்ததற்கு வாய்த்த பலன் அது. வகுப்பு ஆசிரியரோ, கல்யாண வீட்டின் மூத்த மருமகளோ, கூட்டம் மேய்த்துப் பழகிய எவருக்கும் என் கால்வலி புரியும்.

படிகள்

தீவுக்கு மோட்டார் லாஞ்சில், கடல்மேல் ஒரு மணி நேரம். பாதிப் பேர் வாந்தி எடுத்திருப்பார்கள். பிறகு வெயிலில் நூற்றுச் சொச்சம் படி. மேலே இருட்டுக்குள் மூன்று முகத்துச் சிவன், ஒரு மாடி உயரத்துக்கு, கண்ணை மூடியபடி இருப்பார். செதுக்கியது யார், செய்வித்த ராஜா யார், எதையும் சொல்ல அங்கே ஒரு கல்வெட்டுகூட இல்லை. அதை நான் சொன்னதும் ஓய்வுபெற்ற ரயில்வே குமாஸ்தா ஒருவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "யார் பண்ணினான்னே தெரியாதா? அப்போ நீ எதுக்கும்மா எங்களோட வந்தே?"

புகார்

சிவனைப் பார்க்க நம்மவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. அந்தக் குகையில் பூஜை கிடையாது, புகைபட்டால் கல் கெடும் என்று லாஞ்சிலேயே சொல்லிவிடுவேன். தலையும் ஆட்டுவார்கள். ஒரு ஞாயிறு, நான் தூணைக் காட்டிக்கொண்டிருந்தபோது, என் முதுகுக்குப் பின்னால் செம்பூர் அம்மாள் ஒருவர் சூடம் ஏற்றிவிட்டார். காவல்காரர் புகார் எழுதினார்.

அண்ணன் வீட்டில் ஒண்டியிருந்த எனக்கு, என்னுடையது என்று வாரத்தில் இருந்தது அந்த ஒரு நாள்தான். முதலாளி காகிதத்தை மடித்துக்கொண்டே சொன்னார்: "இன்னொரு புகார் வந்தா, ஞாயித்துக்கிழமை நீங்க ஆத்துலேயே இருந்துக்கலாம், மேடம்."

தீப்பெட்டி

அதன்பிறகு லாஞ்சில் ஏறும் முன்பே பைகளைச் சோதித்துத் தீப்பெட்டிகளை வாங்கி வைத்துக்கொண்டேன். சிகரெட் பிடிப்பவர்கள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. புது மாப்பிள்ளை ஒருவர் சட்டைப்பையைப் பொத்திக்கொண்டார்: "மாமனார்கூட என் பாக்கெட்டைத் தொட்டதில்லை, டீச்சர்!"

கை

பிறகு ஒரு ஞாயிறு வந்த கூட்டத்தில் பாதி மாதுங்கா ஆபீஸ் குடும்பங்கள், பாதி தாராவிப் பட்டறைக் குடும்பங்கள். லாஞ்சில் தனித்தனி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். தாராவியிலிருந்து பேச்சியம்மாள் தன் கணவர் சுப்பையாவை வற்புறுத்திக் கூட்டி வந்திருந்தாள். தோல் பட்டறை மிஷினில் அவருடைய வலது கை முழங்கையோடு போயிருந்தது. அதன்மேல் துண்டைப் போட்டுக்கொண்டு மாதக்கணக்காக வாசல்கூடத் தாண்டாத மனிதர்.

குகையில் மாதுங்காப் பெரியவர் ஒருவர் சிலைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். "கையும் காலும் போன விக்ரகம். பின்னம். இதையெல்லாம் சேவிக்கவே கூடாது." சூடம் ஏற்றாதீர்கள் என்று கத்தும் வேலை எனக்கு மிச்சம். "ஆமாம், கூடாது" என்று உரக்கச் சொன்னேன். சுப்பையா துண்டை இன்னும் கொஞ்சம் இழுத்து மூடினார்.

அப்போதுதான் என் வாயிலிருந்து என்ன விழுந்தது என்று புரிந்தது. பேச்சியம்மாள் முறுக்கு டப்பாவின் அடியிலிருந்து சூடத்தையும் தீப்பெட்டியையும் எடுத்தாள். என்னைப் பார்த்தாள். தூண்களுக்கு நடுவே காவல்காரர் வந்துகொண்டிருந்தார். நான் அவரை மறித்து நின்று, இதையெல்லாம் யார் செய்தது என்று என் ஓட்டை இந்தியில் கேட்டேன். மனிதர் மகிழ்ந்துபோய், பாண்டவர்கள் ஒரே ராத்திரியில் குடைந்த கதையைத் தொடங்கினார். பாதியில் சூட வாசனைக்கு மூக்கை உறிஞ்சினார்.

நானும் திரும்பினேன். தரையில் சூடம் எரிந்தது. கடல்காற்றுக்கு அணையாமல் சுப்பையா இடது கையைக் குவித்துப் பிடித்திருந்தார். துண்டு கீழே கிடந்தது.

காவல்காரர் நோட்டை எடுத்தார். பேச்சியம்மாள் கரியை முந்தானையால் துடைத்துவிட்டு எழுந்தாள்: "கை போயிட்டா கும்புடக் கூடாதுங்கியளே பெரியவரே, அப்பம் எங்க வீட்டுல இருக்கவுகள நான் என்ன செய்ய?"

அந்தச் சிவனைச் செதுக்கியவர் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அண்ணன் வீட்டில் அரிசியில் கல் பொறுக்கிக் கழிந்த ஞாயிறுகளில், காவல்காரரை மறித்து நின்று என் வேலையைப் போக்கியவர் யார் என்று மட்டும் நன்றாகவே தெரிந்திருந்தது.